கோழிக்கறி வீட்டுக்கு வந்தபின்: கழுவுவதா வேண்டாமா, எந்தப் பலகை, எந்தத் துணி?

ஞாயிறு காலை கடையில் வெட்டி வாங்கிய ஒரு கிலோ பிராய்லர் கோழி, கறுப்புப் பையில் சமையல் மேடைக்கு வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அது சட்டியில் கொதித்துவிடும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே, பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இரண்டும் செத்துவிடும். குழம்போ 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது, குக்கர் அதையும் தாண்டுகிறது. நன்றாக வெந்த கறியை நினைத்து இந்த இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது பக்கத்து வட்டகையில் இருப்பதற்கு. அதே மேடையில், அதே கத்தியால், அதே கையால் அரிந்த வெங்காயப் பச்சடி. பிரியாணிமேல் தூவ நறுக்கி வைத்த மல்லித்தழை. வெள்ளரித் துண்டு, எலுமிச்சைத் துண்டு. இவை எதுவும் அடுப்புக்குப் போவதில்லை. கேம்பைலோபாக்டர் சில நூறு வயிற்றுக்குள் போனாலே ஓர் ஆளை நாள்கணக்கில் படுக்க வைக்கும். கோழியிலிருந்து சொட்டும் ஒரு துளி நீரே அதற்குப் போதுமானதாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியுமாகப் போய்விடுவது, கைக்குழந்தைக்கும் எழுபதைத் தாண்டியவர்களுக்கும் நீர்ச்சத்து வற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்.

ஆகவே பலகை வாங்கும்போதும் துணி மாற்றும்போதும் பிளீச்சிங் கலக்கும்போதும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்: பச்சைக் கறியில் இருப்பது, பச்சையாகத் தின்னப் போவதன்மேல் ஏறாமல் எது தடுக்கிறது? விலையும் அழகும் அதற்கு அப்புறம்.

குழாயடியா, குண்டானா, கழுவாமலேயா

மேலை நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைகள் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014இல் இதற்கென்றே பிரசாரம் நடத்தியது. அவர்கள் சொல்லும் காரணம் தெறிப்பு. ஓடும் குழாய்க்குக் கீழே கறியைப் பிடித்தால் தண்ணீர் அதில் மோதிச் சிதறுகிறது. குழாய் உயரமாக இருந்தால் தெறிப்பு கூடும். தோல் மெத்தென்று குழிந்து கொடுத்தால் இன்னும் கூடும். துளிகள் அரை மீட்டர் வரை போய் விழுகின்றன. நம் வீட்டுத் தொட்டிக்கு அரை மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒருமுறை நின்று பாருங்கள்: கவிழ்த்து வைத்த டம்ளர்கள், கரண்டிக்கூடை, குடிதண்ணீர்க் குடம், அலசி வடிய வைத்த கீரை.

ஆனால் அந்த அறிவுரையை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே ஆலையில் கழுவி, குளிரூட்டி, உறைபோட்டு வரும் கோழி. இங்கே புளியங்கட்டையில் வைத்து வெட்டிய கறி: எலும்புச் சில்லு, மரத்தூள், இறகின் அடிக்குருத்து, உறைந்த ரத்தம். இதை அலசாமல் சமைக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்க வேளாண் துறை 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. சமைக்க வந்தவர்களைக் கவனித்து, அவர்கள் செய்த சாலட் கீரையையும் தொட்டியையும் சோதித்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் தொட்டியில் கிருமி இருந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதத்தினரிடம் மிச்சம் இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதத்தினரின் கீரைக்குக் கோழியின் கிருமி போய்ச் சேர்ந்திருந்தது. இதோடு படிப்பதை நிறுத்தினால் ‘கழுவாதே’ என்பது முடிந்த முடிவாகத் தெரியும். ஆனால் கழுவாதவர்களிலும் 31 சதவீதத்தினரின் கீரையில் அதே கிருமி இருந்தது. கழுவாமல் விட்டது மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கையும் பாத்திரமும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன.

எங்கள் முடிவு இதுதான். உறையிட்டுக் குளிரூட்டிய கோழியை வாங்கினால் கழுவாதீர்கள்; வெட்டி, நேராகச் சட்டியில் போடுங்கள். கடையில் வெட்டி வாங்கிய கறியைக் குண்டானில் அலசுங்கள். குழாய்க்கு நேர்கீழே பிடிப்பதை மட்டும் எந்தக் கறிக்கும் செய்ய வேண்டாம்.

குண்டானில் அலசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தொட்டியைக் காலி செய்து, ஒரு கை நீளத்துக்குள் இருக்கும் பாத்திரங்களை எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோ கறிக்கு ஐந்து லிட்டர் பிடிக்கிற குண்டானைத் தொட்டியின் அடியில் வைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடித்துக் குழாயை மூடிவிடுங்கள். இன்னொரு பாத்திரத்திலும் இரண்டு லிட்டர் பிடித்துத் தயாராக வையுங்கள். கறி தொட்ட கையால் குழாயைத் திறக்க வேண்டிய வேலையே வராது. இப்போதுதான் பையைத் திறந்து கறியைத் தண்ணீருக்குள் இறக்குவது. தண்ணீருக்கு அடியிலேயே விரலால் தேய்த்து, சில்லையும் குருத்தையும் எடுத்துவிட்டு, குண்டானைச் சாய்த்து வடிகால் ஓட்டையை ஒட்டி மெல்ல ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீரில் ஒருமுறை. அதோடு சரி.

தண்ணீர் கண்ணாடிபோலத் தெளியும்வரை ஐந்தாறு தடவை அலசும் பழக்கத்தால் ஒரு லாபமும் இல்லை. அந்தச் சிவப்பு அழுக்கு அல்ல, தசையில் இருக்கிற நிறமி. அலச அலச வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் தொட்டியில்தான் கூடுதலாகக் கிருமி இறங்குகிறது. மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பிசறுவது கவிச்சியைக் குறைக்கும், செய்யலாம். ஆனால் அது கிருமியைக் கொன்றுவிட்டது என்று நம்பிக் கையைக் கழுவாமல் விட்டால் வினை.

மீனுக்குக் கதை வேறு. செதில் சீவி, குடல் எடுத்து, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசித்தான் மீனை ஆய முடியும். தெறிப்பைத் தவிர்க்கவே முடியாது. அதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாமல் கொல்லைக் குழாயடியிலோ, வாங்குகிற இடத்திலேயோ முடித்துக்கொண்டு வருவது நல்லது. கடல் மீனில் இருக்கிற விப்ரியோ வகைக் கிருமி உப்பில் வாழ்ந்து பழகியது, உப்புத் தேய்ப்பதால் அது சாகாது. நல்ல தண்ணீர்தான் அதற்கு ஆகாது. எனவே உப்புப் போட்டு உரசிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவதை விட்டுவிடக் கூடாது.

மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. வேரடியில் ஊற்றினால் குற்றமில்லை. பக்கத்துத் தொட்டியில் புதினாவும் மல்லியும் வளர்ந்தால் அங்கே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பச்சையாகத் தின்கிறோம்.

எந்தப் பலகை

பலகை விஷயத்தில் பல ஆண்டுகள் நிலவிய நம்பிக்கை, மரம் கிருமியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் வழுவழுப்பானது, ஆகவே பிளாஸ்டிக்தான் பாதுகாப்பு என்பது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். மரப் பலகையில் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு, மேற்பரப்பில் கிடைக்காமல் போயின. மரத்துக்குள் பெருகாமல் மெல்லச் செத்தன. புதுப் பிளாஸ்டிக் கழுவினால் சுத்தமானது. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கோ கையால் கழுவி எளிதில் சுத்தமாகவில்லை, கோழிக்கொழுப்பு பட்டிருந்தால் இன்னும் மோசம். மரமா பிளாஸ்டிக்கா என்பதைவிடப் பழசா புதுசா என்பதும், ஈரமா காய்ந்ததா என்பதும் பெரிய கேள்வி என்பது அதில் தெரிந்தது.

வேம்பு, மா, தேக்குப் பலகைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. மரப் பலகை காய்கறிக்கு முதல் தேர்வு என்பது எங்கள் கணிப்பு. கத்தியின் கூர் கெடாது, வழுக்காது, நன்றாகக் காய வைத்தால் கிருமியும் தங்காது. அந்த ‘நன்றாகக் காய வைத்தால்’ என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. கழுவிய பலகையைச் சுவரோடு அப்பிச் சாய்த்து வைத்தால் பின்பக்கம் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. கறுப்புப் பூசணம் பூக்கும். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்துங்கள். வாரம் ஒருநாள் வெயிலில் அரை மணி போதும், நாள்முழுக்கப் போட்டால் வெடித்துவிடும். தண்ணீரில் ஊற வைக்கவே கூடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் தடவினால் சிக்கு வாடை ஏறும்; உணவுத் தர மினரல் ஆயில் என்று விற்பதை மாதம் ஒருமுறை மெல்லப் பூசலாம்.

மூங்கில் பலகையை மரத்தோடு சேர்த்து விற்றாலும் அது வேறு ஜாதி. பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. கடினம், தண்ணீர் அவ்வளவாக இழுக்காது. பசை வரி விட்டுப்போய் இடுக்கு விழுந்தால் அந்த இடுக்கைச் சுத்தம் செய்ய வழியில்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, கறிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் நல்ல பொருள். இலேசு, மலிவு, பிளீச்சிங் நீரில் முக்கலாம். வெள்ளை நிறத்தில் வாங்குங்கள், கறை தெரியும். வாரம் ஒருமுறை விரல் நகத்தைப் பலகைமேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினாலோ, தேய்த்துக் கழுவிய பிறகும் கீறல் கோடு கறுத்தே நின்றாலோ அந்தப் பலகைக்கு ஆயுள் முடிந்தது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கறியிலிருந்து எடுத்துக் காய்கறிக்கு மாற்றாதீர்கள். அதைவிடக் கெட்ட யோசனை இல்லை.

ஸ்டீல் பலகை இப்போது வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருக்கிறது. கீறல் ஆழமாக விழாது, கொதிநீர் ஊற்றலாம், நாற்றம் பிடிக்காது. குறை என்னவென்றால் கத்தி இரண்டே வாரத்தில் மழுங்கும். மழுங்கிய கத்தி வழுக்கி விரலில் ஏறும். விரலில் வெட்டு இருந்தால் அங்கே ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி குடியேறும். அது உணவில் பெருகி விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஸ்டீல் பலகையைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரி காய்கறிக்கு வேண்டாம். ஸ்டீலில் கிருமி தங்காது என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம், கழுவாமல் விட்டால் அதன்மேலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். கண்ணாடிப் பலகை கத்திக்கும் கைக்கும் ஆபத்து.

அரிவாள்மனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். அதில் காய் எந்தப் பரப்பின்மேலும் கிடப்பதில்லை. அலகையும் கையையும் மட்டும் தொட்டுவிட்டு நேராகத் தாம்பாளத்தில் விழுகிறது. கிருமி ஏறுவதற்கான இடம் பலகையைவிடக் குறைவு. ஆனால் அலகு மரத்தில் இறங்குகிற மூட்டைக் குனிந்து பாருங்கள். மீன் செதில், காய்ந்த சாறு, துரு மூன்றும் அங்கேதான் அடைந்திருக்கும். இரும்பு அலகு என்பதால் ஊறவும் போட முடியாது. மீனுக்கும் வெங்காயத்துக்கும் ஒரே அரிவாள்மனை என்றால் அதன் நன்மை அத்தனையும் போயிற்று. மீனுக்கும் கறிக்கும் ஒன்று, காய்க்கு ஒன்று. அல்லது அரிவாள்மனையைக் காய்க்கு மட்டும் வைத்துக்கொண்டு கறியைக் கத்தியால் வெட்டுங்கள். கழுவும்போது பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைச் சோப்பில் தொட்டு மூட்டைச் சுற்றித் தேய்த்து, துடைத்து, அலகில் துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

இந்த எல்லாவற்றையும்விட மலிவான வழி கறிக்குப் பலகையே இல்லாமல் சமாளிப்பது. கடையிலேயே குழம்புத் துண்டாகவோ பிரியாணித் துண்டாகவோ சொல்லி வெட்டி வாங்கிவிட்டால் வீட்டில் வெட்ட ஒன்றுமில்லை. கடைக்கட்டையில் நூறு கோழி வெட்டியிருப்பார்களே என்று தயங்க வேண்டாம். அந்தக் கறி முழுதும் கொதிக்கப் போகிறது. வீட்டுப் பலகையில்தான் கொதிக்காத வெங்காயமும் வந்து உட்காரும். தப்பித் தவறிப் பெரிதாக நின்ற துண்டுக்கு ஒரு கத்திரிக்கோல் போதும். இரண்டு தகடும் தனித்தனியே கழன்று வருகிற கத்திரிக்கோலாகப் பார்த்து வாங்குங்கள். கழலாத கத்திரியின் திருகுக்கு அடியில் கொழுப்புத் தங்கி நாறும்.

கையும் வரிசையும்

இரண்டு பலகை வாங்கினாலும் கை ஒன்றுதானே. உணவகச் சமையலறைகளில் சிவப்பு பச்சைக் கறிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை சாலட்டுக்கு என்று நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். வீட்டில் அதைவிட நன்றாக வேலை செய்வது நேரத்தைப் பிரிப்பது. பச்சையாகத் தின்னப் போவதை எல்லாம் முதலில் அரிந்து, மூடி, மேடையை விட்டே அகற்றிவிடுங்கள். வதக்கப் போகிற வெங்காயம் தக்காளி இரண்டாவது. கறிப்பை கடைசி. இந்த வரிசையைப் பிடித்தால் ஒரே பலகை, ஒரே கத்தி வைத்தும் தப்பிக்கலாம்.

இரண்டுக்கும் ஓட்டை உண்டு. வரிசை முறை உடைவது எங்கே என்றால், குழம்பு கொதிக்கும்போது ‘இன்னும் நாலு மல்லித்தழை வேண்டும்’ என்று தோன்றும் இடத்தில். எனவே கொஞ்சம் கூடவே நறுக்கி வையுங்கள். இரண்டு பலகை முறை உடைவது பலகையில் அல்ல, பலகையைச் சுற்றி இருக்கிற பொருள்களில்.

அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற வைக்கும்போது கறி பிசைந்த அதே விரல்கள் அதன் மூடியைத் திறக்கின்றன, சின்னக் கரண்டியைப் பிடிக்கின்றன, மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டுக் கரண்டியைத் திரும்பத் தூளுக்குள்ளேயே குத்தி வைக்கின்றன. மறுநாள் காலை அதே கரண்டியைப் பிடித்த கை, மேலே தூவ எடுத்துவைத்த மல்லித்தழையையும் தொடும். சால்மொனெல்லா உலர்ந்த தூளில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. உப்பு ஜாடி, எண்ணெய் பாட்டிலின் மூடி, குழாய்த் திருகு, ஃப்ரிட்ஜ் கைப்பிடி, செல்போன் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

இதற்கு வழி எளிது. பையைத் திறப்பதற்கு முன்பே ஒரு தட்டில் எல்லாவற்றையும் அளந்து எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ கறிக்கு 15 கிராம் தூளுப்பு, அதாவது இரண்டரை டீஸ்பூன். மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் உங்கள் வீட்டு அளவில். உப்பை அளந்து போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: பிசைந்த பச்சை மசாலாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்து உப்புப் பார்க்கும் பழக்கம் நின்றுவிடும். அது நேராகக் கிருமியை விழுங்குவதுதான்.

கையுறை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மெல்லிய பாலிதீன் உறையை மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் கை சுத்தமாக இருப்பதாக எண்ணி அதே உறையோடு எல்லாவற்றையும் தொடுகிறார்கள். விரலில் காயம் இருந்தால் போடுங்கள், கறி வேலை முடிந்த நொடியே கழற்றி எறியுங்கள். மற்றபடி வெறும் கையும் சோப்பும் மேல். அதைவிட உதவுவது ஒரு கைப் பழக்கம்: கறியை இடக்கையால் மட்டும் தொடுவது, கரண்டி, மூடி, குழாய் எல்லாம் வலக்கைக்கு. ஒரு வாரம் சிரமமாக இருக்கும், பிறகு தானாக வரும்.

கை கழுவுவது 20 நொடி. தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை. நகக்கண், மோதிரத்துக்கு அடி, கட்டைவிரலின் அடிப்புறம் ஆகிய மூன்றும் விடுபடும் இடங்கள். குழாய் இல்லாமல் வாளியும் மக்குமாகப் புழங்கும் வீட்டில், கறிக்கையோடு மக்கைப் பிடித்து வாளிக்குள் விடாதீர்கள். வீட்டில் ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கழுவுங்கள். கழுவிய ஈரக்கையைப் புடவைத் தலைப்பிலோ லுங்கியிலோ துடைத்தால் அந்த 20 நொடியும் வீண்.

துடைக்கும் துணி, ஸ்பாஞ்ச், நார்

சமையலறையில் கிருமி அதிகமாக இருக்கிற பொருள் எது என்று கேட்டால் பலரும் குப்பைக்கூடையைக் காட்டுவார்கள். ஜெர்மனியில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளைச் சோதித்தார்கள். ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடிவரை பாக்டீரியா செல்கள் இருந்தன. அத்தனையும் நோய் தருபவை அல்ல. ஆனால் அடிக்கடி சூடாக்கிச் சுத்தம் செய்ததாகச் சொன்ன வீடுகளின் ஸ்பாஞ்சிலும் கிருமி குறைவாக இல்லை. மைக்ரோவேவில் ஒரு நிமிடம் நனைத்து வைத்தால் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன என்பது ஆய்வகத்தில் உண்மை. வீட்டிலோ தப்பிய சிலவே ஈரமும் உணவுத்துகளும் கிடைத்ததும் மறுபடி பெருகிவிடுகின்றன. காயாத எந்தப் பொருளுக்கும் இதே கதிதான்.

அதனால் ஸ்பாஞ்ச் கடைசித் தேர்வு. பாத்திரம் தேய்க்க நைலான் பிரஷ் அல்லது திறந்த வலையாக இருக்கிற ஸ்க்ரப்பர் நல்லது, ஒருமுறை உதறினால் தண்ணீர் போய்விடும். நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனம் ஸ்பாஞ்சையும் பிரஷையும் ஒப்பிட்டபோது, காய விட்ட பிரஷில் சால்மொனெல்லா செத்துப்போனது, ஈர ஸ்பாஞ்சில் பிழைத்திருந்தது. பீர்க்கங்கூடு வெயிலில் சீக்கிரம் காயும், கைக்கும் இதம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று மாற்றினால் அதற்கு இணையில்லை. தேங்காய் நார் அடர்த்தியாகச் சுருட்டி இருந்தால் உள்ளே காயாது, பிரித்துக் காய வையுங்கள்.

மேடை துடைக்கப் பழைய வேட்டியோ பருத்திப் புடவையோதான் சிறந்தது, ஆனால் ஒரு துணி அல்ல, பத்துத் துணி. கைக்குட்டை அளவுக்குக் கிழித்து அடுக்கி வைத்து, நாளுக்கு ஒன்றாக எடுத்து, இரவு சோப்பில் துவைத்து வெயிலில் போடுங்கள். வாரம் ஒருமுறை மொத்தமாகப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற பிடிதுணியால் மேடையைத் துடைப்பது, அதே துணியால் குழந்தையின் தட்டில் இருக்கிற ஈரத்தை எடுப்பது, இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கறித்தண்ணீர் சிந்திவிட்டால் துணியைத் தொடவே தொடாதீர்கள். பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் சோப்பு.

சோப்பு போதுமா, பிளீச்சிங் வேண்டுமா

தினப்படிக்குச் சோப்பு, தேய்ப்பு, அலசல், காய்ச்சல் நான்கும் போதும். இதில் ‘காய்ச்சல்’ என்பது வெயிலிலோ காற்றிலோ உலர்த்துவது. கேம்பைலோபாக்டருக்கு உலர்வு ஆகவே ஆகாது.

கொதிநீர் ஸ்டீல் தாம்பாளத்துக்கும் கத்திக்கும் நல்லது. முதலில் சாதாரணத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ரத்தம் இருக்கும்போதே கொதிநீர் பட்டால் அது உறைந்து அப்பிக்கொள்ளும். எலுமிச்சைமூடி, உப்பு, வினிகர் மூன்றும் வாடை போக்கும், கறை எடுக்கும். கோழித் தண்ணீர் பட்ட பலகைக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

பிளீச்சிங் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், வாங்கினால் புட்டியில் சதவீதம் பாருங்கள். 4 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி., ஒரு டீஸ்பூன். கிடைப்பது சுமார் 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 200 பங்கு) குளோரின், பலகைக்கும் தொட்டிக்கும் இது சரியான அளவு. சோப்பால் கழுவி அலசிய பிறகு ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, அலசிக் காய விடுங்கள். கொழுப்பும் ரத்தமும் இருக்கிற பலகையில் நேராக ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. கலந்த நீரை அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள். புட்டியிலேயே நம் ஊர் வெயிலுக்கு வீரியம் குறையும், வாங்கிய தேதியை எழுதி ஒட்டி நிழலில் வையுங்கள். வினிகரோடோ கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, மூடிய சமையலறையில் மூச்சடைக்கும். தரை துடைக்கும் வாசனைத் திரவங்களும் பலகைக்கு ஆகாது.

எந்த வீட்டுக்கு எது

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர் இருக்கிற வீடு என்றால் கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, கறி சமைத்த ஒவ்வொரு நாளும் தொட்டிக்கும் பலகைக்கும் மேலே சொன்ன பிளீச்சிங் அளவு. பச்சடியை அன்றைக்கு விட்டுவிட்டு வெங்காயத்தை வதக்கிக் கொடுத்தாலும் நல்லது.

இரண்டு பேர் வேலைக்குப் போகிற, வாரம் ஒருமுறை கறி எடுக்கிற வீட்டுக்கு ஒரு மரப் பலகை, ஒரு கத்திரிக்கோல், கடையில் வெட்டி வாங்கிய கறி. முந்தின நாளே ஊற வைப்பதானால் மூடியுள்ள பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், மேல்தட்டில் வைத்தால் கசிவது தயிர்மேல் சொட்டும்.

ஒரே அறையில், ஒரே தட்டும் ஒரே கத்தியுமாகச் சமைப்பவர்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. வெங்காயம், மல்லி, எலுமிச்சை முதலில், மசாலாவை அளந்து கிண்ணத்தில் எடுத்தது இரண்டாவது, கறி கடைசி. கறி சட்டியில் இறங்கியதும் தட்டு, கத்தி, குண்டான், தொட்டி, குழாய்த் திருகு, கடைசியாகக் கை என்ற வரிசையில் சோப்புப் போட்டுவிட்டு, சாப்பிடும் தட்டை அப்புறம் எடுங்கள்.